குத்து எங்கிருந்து வருகிறது?

ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தரையில் படாமல் தூக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு எதிரே ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். இப்போது ஓங்கி ஒரு குத்து விடுங்கள். என்ன, தலையணைக்கு ஒன்றுமே ஆகவில்லையா? பரவாயில்லை. எழுந்து நில்லுங்கள். ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து, பின்னங்கால் விரல்களால் தரையை உந்தி, இடுப்பைத் திருப்பி, அதே கையால் அதே தலையணையை இன்னொரு முறை குத்துங்கள்.

இந்த முறை தலையணை பிடித்தவர் கொஞ்சமாவது தடுமாறியிருப்பார். கை அதேதான். கூடுதலாக வந்து சேர்ந்தது என்ன?

தரை.

பாக்ஸிங்கில் குத்து என்பது கையில் பிறக்கிற விஷயமே இல்லை. பாதத்தில் பிறந்து, தொடை வழியே ஏறி, இடுப்பில் திரும்பி, தோளில் வேகம் பிடித்து, முஷ்டி வழியே வெளியேறுகிற சமாசாரம் அது. கை வெறும் கடைசி ஸ்டேஷன்.

இன்றைக்கு இதை அளந்து சொல்லக் கருவிகள் இருக்கின்றன. 100 வருடங்களுக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கிற மனிதர்கள் அப்போது இருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? யார் கற்றுக்கொடுத்தார்கள்? பதில் கொஞ்சம் சங்கடமானது. மெதுவாகச் சொல்கிறேன்.

முதலில் 1889-க்குப் போகலாம்.

ஜான் எல். சல்லிவன். பாஸ்டன்காரர். அமெரிக்காவின் ஹெவிவெயிட் சாம்பியன். கை உறை இல்லாமல் வெறும் முஷ்டியால் அடித்துக்கொள்கிற சண்டை அங்கே சட்டப்படி குற்றம்தான். அதனாலென்ன? ரகசியமாக இடம் குறித்து, ரயில் பிடித்துப் போய்ப் பார்க்க ஜனம் அலைமோதியது. சல்லிவனின் வலது கைக்கு அப்படியொரு மவுசு.

அந்த வருடம் அவருடைய நிஜமான எதிரி பாட்டிலுக்குள் இருந்தான். குடித்துக் குடித்து உடம்பு ஊதிவிட்டது. முந்தைய வருடம் வேறு படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தவர். ஜேக் கில்ரெயின் என்பவரோடு சண்டைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இந்த உடம்போடு ரிங்குக்குள் போனால் கதை கந்தல். கடைசியில் வில்லியம் முல்டூன் என்கிற மல்யுத்த வீரரிடம் சல்லிவனை ஒப்படைத்தார்கள்.

முல்டூன் அவரை நியூயார்க் மாநிலத்தில் பெல்ஃபாஸ்ட் என்ற சின்ன ஊரில் இருந்த தன் பண்ணைக்குக் கூட்டிப்போனார். சாராயம் கட். விடிந்தால் நடை, ஓட்டம். அப்புறம்? ஏர் பிடித்து உழு. மரம் வெட்டு. கயிறு தாண்டு. என்னோடு மல்லுக்கு நில். இந்தக் கனமான தோல் பந்தை என் நெஞ்சைப் பார்த்து எறி. நான் திருப்பி எறிவேன், பிடி. இன்று எல்லா ஜிம்களிலும் மூலையில் உருண்டு கிடக்கிற மெடிசின் பால் இருக்கிறதே, அதைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் இந்த முல்டூன்.

மரம் வெட்டுவதற்கும் குத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். விறகு பிளந்த அனுபவம் இருப்பவர்களுக்குத் தெரியும். கோடாலியை வெறும் கையால் இறக்க முடியாது. கால் ஊன்ற வேண்டும். உடம்பு எடை பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். இடுப்பும் வயிறும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இன்னொரு சூட்சுமம், பிடி. கோடாலி கீழே வருகிறவரை கை தளர்வாக இருக்க வேண்டும். மரத்தில் படுகிற அந்தக் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். முழு நேரமும் இறுக்கிப் பிடிக்கிற ஆளுக்குப் பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். நல்ல குத்துக்கும் இதேதான் இலக்கணம். போகிற வழியெல்லாம் தளர்வு. படுகிற இடத்தில் இறுக்கம்.

1889 ஜூலை 8. மிசிசிப்பி மாநிலத்தில் ரிச்பர்க். மண்டையைப் பிளக்கிற வெயில். அப்போதைய விதிப்படி ஒருவர் கீழே விழுந்தால் ஒரு ரவுண்டு முடிந்ததாகக் கணக்கு. அப்படி 75 ரவுண்டுகள். 2 மணி 16 நிமிடம். கடைசியில் போதும்டா சாமி என்று கில்ரெயின் தரப்பு கையைத் தூக்கியது. கை உறை இல்லாமல் நடந்த கடைசி ஹெவிவெயிட் சாம்பியன்ஷிப் சண்டை அதுதான்.

கவனித்தீர்களா? முல்டூன் புதிதாக ஒரு குத்தும் கற்றுத்தரவில்லை. ஒரு சாம்பியனைப் பண்ணையாள் செய்கிற வேலையைச் செய்ய வைத்தார். அவ்வளவுதான்.

அப்படியானால் பிறந்ததிலிருந்தே அந்த மாதிரி வேலை செய்தவன் ரிங்குக்குள் வந்தால்?

வந்தார். பாப் ஃபிட்ஸிம்மன்ஸ். 1863-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் திமாரு நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர். பிழைப்பு, கொல்லுப் பட்டறை. சம்மட்டி பிடித்தே வளர்ந்த உடம்பு. மேலே தோளும் முதுகும் மலைபோல இருக்கும். கீழே பார்த்தால் குச்சி குச்சியாக இரண்டு கால்கள். கேலி செய்தவர்கள் அதிகம். ரிங்குக்குள் சந்தித்த பிறகு யாரும் கேலி செய்ததில்லை.

1897 மார்ச் 17. நெவாடா மாநிலம் கார்சன் சிட்டி. எதிரே சாம்பியன் ஜேம்ஸ் கார்பெட். ஒரு காலத்தில் வங்கி குமாஸ்தா. நளினமான ஆட்டக்காரர். எடை சுமார் 83 கிலோ. ஃபிட்ஸிம்மன்ஸ் சுமார் 76 கிலோதான். ஆறாவது ரவுண்டில் கார்பெட் அவரைக் கீழே தள்ளினார். முகமெல்லாம் ரத்தம். எழுந்தார். 14-வது ரவுண்டில் காலை மாற்றி வைத்து உள்ளே நுழைந்து, இடது கையால் நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரே ஒரு குத்து. கார்பெட்டுக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. மூச்சு மட்டும் வரவில்லை. எழ முடியாமல் தரையிலேயே தவித்தார். வயிற்றின் மேல்பகுதியில் சோலார் ப்ளெக்ஸஸ் என்று ஒரு நரம்புப் பின்னல் இருப்பது மறுநாள் பேப்பர் படித்துத்தான் பலருக்குத் தெரிந்திருக்கும்.

ஃபிட்ஸிம்மன்ஸ் பிறகு 1903-ல் லைட் ஹெவிவெயிட் பட்டத்தையும் வென்றார். மிடில்வெயிட் ஏற்கெனவே கையில். மூன்று எடைப் பிரிவுகளில் உலக சாம்பியனான முதல் ஆள், ஒரு கொல்லர்.

அடுத்து, 1919 ஜூலை 4. ஒஹையோ மாநிலம் டொலிடோ.

சாம்பியன் ஜெஸ் வில்லர்ட் ஆறரை அடி உயரம். 111 கிலோ. எதிரே நின்ற ஜாக் டெம்ப்ஸிக்கு 85 கிலோதான். 26 கிலோ வித்தியாசம். டெம்ப்ஸி பிழைப்பாரா என்று சிலர் கவலைப்பட்டார்கள். முதல் ரவுண்டிலேயே வில்லர்ட் ஏழு முறை விழுந்தார். மூன்று ரவுண்டுக்குமேல் அவரால் ஸ்டூலை விட்டு எழுந்துவர முடியவில்லை.

யார் இந்த டெம்ப்ஸி? கொலராடோவின் மனாஸா என்ற ஊரில், வறுமையில் உழன்ற ஒரு பெரிய குடும்பத்தில் 1895-ல் பிறந்தவர். பதின்வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, டிக்கெட் வாங்கக் காசில்லாமல் சரக்கு ரயிலுக்கு அடியில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். சுரங்கத்தில் வேலை. கிடைத்த கூலி வேலை எல்லாம் செய்தார். நடுவே சலூன்களில் பந்தயச் சண்டை. அண்ணன் பெர்னியும் பந்தயச் சண்டைக்காரர். அவர்தான் சில வைத்தியங்கள் சொல்லிக்கொடுத்தார். தாடை கெட்டிப்பட பைன் மரத்துப் பிசினை நாள் முழுக்க மெல்லு. முகமும் கையும் தோல் தடிக்க உப்புத் தண்ணீரில் ஊற வை. ஊறுகாய் போடுகிற மாதிரி, நம்ப முடிகிறதா? டெம்ப்ஸி அதையும் செய்தார். உப்புத் தண்ணீரால் குத்தின் வேகம் கூடாது. ஆனால் அந்த நம்பிக்கையில் தெரிகிற பசியைப் பாருங்கள்.

ரிட்டயர்டான பிறகு, 1950-ல், டெம்ப்ஸி ஒரு புத்தகம் எழுதினார். குத்துவது எப்படி என்பதற்கு இன்றும் பயிற்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிற புத்தகம். அதில் அவர் அடித்துச் சொல்வது ஒன்றைத்தான். உடம்பின் எடையை நகர்த்து. அந்த எடை முழுசும் முஷ்டிக்குப் பின்னால் இருக்கும்போது குத்து. இதற்கு அவர் ஒரு வழி சொன்னார். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாக விழு. கால் தரையில் படுவதற்கு முன்னால் முஷ்டி போய்ச் சேர வேண்டும்.

இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் இன்னொரு படி இருந்தால் என்ன ஆகும்? தடாலென்று மொத்த உடம்பும் அந்த ஒற்றைக் காலில் இறங்கும். முட்டி வரைக்கும் அதிரும். அந்த அதிர்ச்சியைக் காலுக்குப் பதில் எதிராளியின் தாடையில் இறக்கினால் அதுதான் டெம்ப்ஸி குத்து.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். குத்து கொடுப்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வாங்கியவர்?

1928-ல் நியூஜெர்ஸியைச் சேர்ந்த டாக்டர் ஹாரிசன் மார்ட்லண்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கிய பாக்ஸர்கள் நாளாவட்டத்தில் குடிகாரர்களைப்போலத் தள்ளாடுகிறார்கள், பேச்சு குழறுகிறது, புத்தி மந்தமாகிறது. இது மூளைக்குள் ஏற்படும் காயத்தால் வருவது என்றார் அவர். ரிங் ஓரத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும். கிண்டலாக அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தார்கள். கையைப் பலப்படுத்தக் கோடாலி இருந்தது. காலைப் பலப்படுத்த ஓட்டம் இருந்தது. மண்டைக்குள் இருப்பதைப் பலப்படுத்த மட்டும் இன்றுவரை ஒரு பயிற்சியும் கிடையாது.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டார்களே, நேராகப் போய் பளு தூக்கியிருக்கலாமே? ம்ஹும். பளு பக்கம் போனாயோ தொலைந்தாய் என்பார்கள் பழைய பயிற்சியாளர்கள். தசை கல்லாக இறுகிவிடும், கை வேகமாக நீளாது என்பது அவர்கள் கட்சி. விறகு வெட்டு, பள்ளம் தோண்டு, மூட்டையைக் குத்து. இரும்பை மட்டும் தொடாதே. கிட்டத்தட்ட 100 வருடங்கள் இந்த வேதவாக்கு நீடித்தது. அதில் பாதி நியாயம் இருந்தது. கனத்தை மெதுவாகத் தூக்கி மட்டுமே பழகிய உடம்புக்கு வேகம் தானாக வந்துவிடாது. மீதிப் பாதி வெறும் பயம்.

அந்தப் பழைய பாணிப் பலத்துக்கு உச்சகட்ட உதாரணம், ராக்கி மார்சியானோ.

1923-ல் மாசசூசெட்ஸில் பிராக்டன் என்ற, செருப்புக்கும் ஷூவுக்கும் பெயர்போன ஊரில் பிறந்தவர். அப்பா ஷூ ஃபாக்டரித் தொழிலாளி. மகனும் அங்கே கொஞ்ச நாள். பிறகு பள்ளம் தோண்டுகிற வேலை, கேஸ் கம்பெனியில் கூலி. பாக்ஸருக்கான எந்த லட்சணமும் கிடையாது. ஹெவிவெயிட்டுக்குக் குள்ளம். கை நீளம் போதாது. கால் பின்னிக்கொள்ளும். சார்லி கோல்ட்மன் என்கிற கிழட்டுப் பயிற்சியாளர் அவர் காலோடு காலைக் கயிற்றால் கட்டிப் பழக்கினார். கால் அகலமாகப் பரத்தி நின்றால் தரையின் பலம் முஷ்டிக்கு வராது என்பது கோல்ட்மனுக்குத் தெரியும்.

மார்சியானோ தன் பங்குக்கு இன்னொன்று செய்தார். ஊர் ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் குளத்தில் இறங்கி நின்று, தண்ணீருக்குள் குத்துவார். நீங்களும் முயன்று பார்க்கலாம். மெதுவாகத் தள்ளினால் தண்ணீர் வழிவிடும். வேகமாகத் தள்ளினால் சுவர்போல எதிர்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. காசு செலவில்லாத கருவி.

1952 செப்டம்பர் 23. பிலடெல்பியா. சாம்பியன் ஜெர்ஸி ஜோ வால்காட் முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைத் தரையில் உட்கார வைத்தார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் மார்சியானோ பின்தங்கி இருந்தார். 13-வது ரவுண்டு. வலது கை மிகக் குறுகிய தூரம்தான் நகர்ந்தது. வால்காட் அப்படியே கயிற்றில் சரிந்து மண்டியிட்டார். புதிய சாம்பியன். 1956-ல் ஓய்வு பெற்றபோது மார்சியானோவின் கணக்கு: 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட்.

இப்போது, முதலில் சொன்ன அந்தச் சங்கடமான பதிலுக்கு வருகிறேன். அதற்கு ஜோ ஃப்ரேஸியரைப் பார்த்தால் போதும்.

1944-ல் தென் கரோலினாவின் பியூஃபோர்ட்டில், கறுப்பினக் கூலி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ரூபினுக்கு இடது கை போய்விட்டது. பண்ணை வேலையில் அப்பாவின் இடது கையாக நின்றவர் சின்ன ஜோ. டி.வி.யில் பாக்ஸிங் பார்த்த குடும்பத்தில் ஒரு மாமா, இவன் இன்னொரு ஜோ லூயிஸ் என்று சொல்லிவைத்தார். பையன் பிடித்துக்கொண்டான். பஞ்ச்சிங் பேக் வாங்க வழியில்லை. பழைய சாக்கு ஒன்றை எடுத்தான். கந்தல் துணி, மக்காச்சோளச் சக்கை, மரத்தில் தொங்கும் பாசி, நடுவே கனத்துக்கு ஒரு செங்கல். ஓக் மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் குத்தினான். வருடக்கணக்கில்.

ஒருநாள் பண்ணையில் ஒரு பெரிய பன்றி துரத்தியது. ஓடியவன் விழுந்ததில் இடது கை செங்கல்லில் மோதி உடைந்தது. டாக்டரிடம் போகப் பணமில்லை. கை தானாகவே கூடியது, கோணலாக. அதற்குப் பிறகு அந்தக் கை முழுதாக நீளவே இல்லை.

இடது ஹுக் என்பது வளைந்த கையால் பக்கவாட்டில் வீசுகிற குத்து. ஃப்ரேஸியரின் கை எப்போதுமே அதற்குத் தயாராக வளைந்தே இருந்தது.

பிறகு பிலடெல்பியா. கறித்தொட்டியில் வேலை. குளிர் அறையில் தொங்கும் மாட்டிறைச்சிகளைக் குத்திப் பழகினார். 1976-ல் வந்த 'ராக்கி' படத்தில் ஸ்டாலோன் இறைச்சியைக் குத்துகிற காட்சிக்குச் சொந்தக்காரர் இவர்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், உடைந்த இடது கட்டைவிரலோடு இறுதிச் சண்டையில் இறங்கித் தங்கம் வாங்கினார். 1971 மார்ச் 8. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். 15-வது ரவுண்டு. அந்த வளைந்த இடது கை முகமது அலியின் தாடையில் இறங்கியது. அலி மல்லாக்க விழுந்தார். உடனே எழுந்தும்விட்டார். ஆனால் சண்டை ஃப்ரேஸியருக்கு. அன்றிரவு ஜெயித்தவர், தோற்றவர் இருவருமே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பழைய பயிற்சி முறைகளை எந்த மேதையும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஏழைகள் வயிற்றுக்காகச் செய்த வேலைகள் அவை. கொல்லன் சம்மட்டி அடித்தான். சுரங்கத் தொழிலாளி மண்வாரி பிடித்தான். பள்ளம் தோண்டினான், கறி சுமந்தான். தரையிலிருந்து முஷ்டி வரை உடம்பை ஒன்றாக இயக்க அந்த வேலைகளே கற்றுக்கொடுத்துவிட்டன. பயிற்சியாளர்கள் அதைப் பார்த்து, மிச்ச பாக்ஸர்களுக்குப் பயிற்சி என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள்.

இரும்பு விலக்கு 1985-ல் உடைந்தது. லாரி ஹோம்ஸ் அப்போது 48 சண்டையில் 48 வெற்றி. இன்னொன்று ஜெயித்தால் மார்சியானோவின் 49-ஐத் தொட்டுவிடுவார். எதிரே மைக்கேல் ஸ்பிங்க்ஸ், 79 கிலோ பிரிவிலிருந்து ஏறி வந்தவர். மேக்கி ஷில்ஸ்டோன் என்ற உடற்பயிற்சி நிபுணர் அவரைப் பளு தூக்க வைத்து, நீண்ட ஓட்டத்துக்குப் பதில் குறுகிய வேக ஓட்டம் கொடுத்து, 91 கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தார். பழைய ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். செப்டம்பர் 21, லாஸ் வேகாஸ். ஸ்பிங்க்ஸ் ஜெயித்தார். பழைய பாணி மார்சியானோவின் சாதனையைக் காப்பாற்றிக் கொடுத்தவர், இரும்பைத் தூக்கிய ஸ்பிங்க்ஸ்!

அதே 1985-ல் சோவியத் யூனியனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. தேர்ந்த பாக்ஸர்களின் குத்தைப் பிரித்து அளந்தார்கள். கால்களின் உந்துதல் சுமார் 38 சதவிகிதம். உடம்பு திரும்புவது சுமார் 37. கை நீள்வது வெறும் 24. கற்றுக்குட்டிகளிடம் காலின் பங்கு இதில் பாதிகூட இல்லை. கோல்ட்மன் கயிறு கட்டியதற்கும், டெம்ப்ஸி விழச் சொன்னதற்கும், முல்டூன் மரம் வெட்ட விட்டதற்கும் ஒருவழியாக நம்பர் கிடைத்துவிட்டது.

இப்போது உங்கள் ஏரியாவில் கொஞ்சம் பெரிய ஜிம்மாகப் பார்த்து எட்டிப் பாருங்கள். டிராக்டர் டயர் ஒன்று கிடக்கலாம். பக்கத்தில் ஒரு சம்மட்டி. ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் வியர்க்க விறுவிறுக்க அதை அடித்துக்கொண்டிருப்பான். திமாரு பட்டறையில் ஃபிட்ஸிம்மன்ஸ் செய்த அதே வேலை. அவருக்கு அதற்குக் கூலி கொடுத்தார்கள். இவன் மாதச் சந்தா கட்டுகிறான். நல்ல பயிற்சிதான், தாராளமாகச் செய்யலாம். பாதத்திலிருந்து முஷ்டிவரை பலம் போகிற பாதை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

ஒரே ஒரு வித்தியாசம். களைத்துவிட்டால் இவன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.